சிறுநீர்த் தாள் மலை இறங்கும். பதில் எப்போது மலை ஏறும்?

கொல்லிமலைக்குப் போகும் வழியில் காரவள்ளியோடு சமவெளி முடிந்துவிடுகிறது. அங்கிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் வரும் இளைஞர்களுக்கு அது சாதனைக் கணக்கு. பிறந்து மூன்று நாளே ஆன குழந்தை பால் குடிக்காமல் துவண்டுவிட்டது என்று நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்குகிற மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு, அந்த ஒவ்வொரு வளைவும் கையிலிருந்து நழுவும் நேரம்.

பச்சிளங்குழந்தையின் சிறுநீரைத் தாளில் ஊறவைத்து அனுப்பினால் நூற்றுக்கும் மேற்பட்ட பிறவி நோய்களைக் கண்டுபிடித்துத் தருவதாகத் தனியார் ஆய்வகங்கள் விளம்பரம் செய்கின்றன. சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடிந்த நகரத்துப் பெற்றோர் செய்துகொள்கிறார்கள். அது கொல்லிமலைக்கும் வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், எல்லாக் குழந்தைகளுக்குமான முதல் சோதனையாக அல்ல. முதலிடம் வேறொன்றுக்கு. சிறுநீர்த் தாளுக்கு உரிய இடம் எது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

“நல்லாத்தான பொறந்துச்சு, ரெண்டு நாளு நல்லாத்தான பால் குடிச்சுது” - இப்படிப்பட்ட குழந்தைகளின் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிற பேச்சு இது. மருத்துவர் காது கொடுக்க வேண்டிய பேச்சும் இதுதான். உணவிலுள்ள புரதத்தையோ சர்க்கரையையோ உடைக்கும் நொதிகளில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்தால், பாதியில் நின்றுபோன வேதிப்பொருள் உடம்பில் தேங்கும். வயிற்றில் இருந்தவரை நஞ்சுக்கொடி வழியே தாயின் உடம்பு அதைக் கழுவிக்கொண்டிருந்தது. அதனால் எடை சரியாக இருக்கும், அழுகை சரியாக இருக்கும். பால் உள்ளே போகப் போகத்தான் நஞ்சு ஏறும். துவளும், மூச்சு வாங்கும், வலிப்பு வரும். கிருமித் தொற்று என்று ஆன்டிபயாட்டிக் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது சரியான முடிவுதான், தொற்றுதான் அதிகம். ஆனால், எல்லாம் தொற்றல்ல. தொற்றென்று எழுதி முடிக்கப்பட்ட சாவுகளில் எத்தனை இந்தக் கணக்கைச் சேர்ந்தவை என்று மலையில் யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

தேங்கிய பொருள் சிறுநீரில் கசியும் என்பதே இந்தச் சோதனையின் அடிப்படை. நீரின் நிறத்தையும் மணத்தையும் வைத்து நோய் சொல்வது நமக்குப் புதிதல்ல. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் சிறுநீரும் ஒன்று. நவீன மருத்துவத்தில் இது தொடங்கியதும் மூக்கில்தான். நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளிடமும் ஒரு விசித்திர வாடை வீசுகிறதே என்று மருத்துவர் மருத்துவராக ஏறி இறங்கினார். 1934-ல் அஸ்பியோர்ன் ஃபோலிங் அந்தச் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சொட்டினார். கரும்பச்சை ஆனது. பினைல்கீட்டோனூரியா என்று பின்னர் பெயர் பெற்ற நோய் அது. அந்த இரு குழந்தைகளுக்கும் அது பயன்படவில்லை, காலம் கடந்துவிட்டது. உணவைக் கட்டுப்படுத்தி நோயைத் தடுக்கலாம் என்பது 1950-களில்தான் தெரியவந்தது.

1957-ல் கலிஃபோர்னியாவின் வில்லார்ட் சென்டர்வால் அதே ரசாயனத்தைக் குழந்தையின் ஈரத் துணியில் சொட்டிப் பார்க்கும் எளிய முறையைப் பரப்பினார். இவர் தமிழர்களுக்கு அந்நியரல்ல. தென்னிந்தியாவில் உறவுத் திருமணத்துக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மனைவி சீக்ரிட்டுடன் சேர்ந்து 1966-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். துணிச் சோதனையில் ஒரு கோளாறு இருந்தது. இந்த நோயில் தேங்கும் பினைல்அலனின் ரத்தத்தில் நன்றாக ஏறிய பிறகுதான் சிறுநீர் பச்சையாகும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் மூளை சேதப்படத் தொடங்கிவிடும். ராபர்ட் கத்ரி 1963-ல் குதிகாலில் குத்தித் தாளில் எடுத்த ரத்தத் துளியிலேயே நோயைக் காட்டியதும், உலகம் ரத்தத்தின் பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததில் நியாயம் இருந்தது.

பிறகு ஏன் மறுபடியும் சிறுநீர்? கேஸ் குரோமட்டோகிராபியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரும் சேர்ந்த இயந்திரம், ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. கரிம அமிலங்கள் ரத்தத்தில் தங்குவதைவிடச் சிறுநீரில்தான் குவிகின்றன. அதனால் மெத்தில்மலோனிக், புரோப்பியோனிக், ஐசோவலேரிக் அமில நோய்களுக்குச் சிறுநீர் துலக்கமான சாட்சி. யூரியாச் சுழற்சிக் கோளாறுகள் சிலவற்றை ஒரோட்டிக் அமிலம் காட்டிக்கொடுக்கும். ஜப்பானின் கனசாவா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இசாமு மட்சுமோட்டோவும் டோமிகோ குஹாராவும், யூரியாவை நொதியால் நீக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் படிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். காய்ந்த தாளே போதும், ஐஸ் பெட்டி வேண்டாம் என்பது மலைக்கு ஏற்ற சங்கதி.

தாளில் பிடிப்பதும் அவ்வளவு சுலபமில்லை. கடை டயப்பரின் பசை நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். பழைய வேட்டித் துணிதான் நல்லது. துணிக்கு மேல் தாளை வைத்துக் காத்திருக்க வேண்டும். மலம் பட்டால் அது போச்சு, வேறு தாள். நனைந்ததை நிழலில் தொங்கவிட வேண்டும். மழை மாதங்களில் கொல்லிமலையின் செம்மேட்டில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்; துவைத்த துணியே நாள்கணக்கில் காயாது. ஈரம் தங்கினால் கிருமி வளர்ந்து, தாளில் இல்லாத அமிலத்தை உண்டாக்கும், இருப்பதைத் தின்றும்விடும். அவசரத்துக்கு அடுப்புக்கு மேல் காயப்போட்டால் புகையும் சூடும் சேரும். சென்னை ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் விளங்காது. விசிறியடியில் காயவைத்து, உறையிலிட்டு, தேதியும் உட்கொண்ட மருந்தும் குறித்து அனுப்புகிற ஒரு ஆள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேண்டும்.

அஞ்சலில் சிறுநீர் அனுப்புவது விபரீதமாகத் தோன்றலாம். கனடாவின் கியூபெக் மாகாணம் இதை 1971 முதல் செய்துவந்தது. பிறந்த 21-ம் நாள் பெற்றோரே தாளை நனைத்து, காயவைத்து, தபாலில் ஷெர்புரூக்குக்கு அனுப்பினார்கள். கட்டாயம் இல்லை, ஆனாலும் பத்தில் ஒன்பது வீடுகள் அனுப்பின. பிறந்த ஓரிரு நாளில் ரத்தச் சோதனை தனியே நடந்தது. சிறுநீர் அதற்குத் துணை. நம் ஊரில் வீடு தேடிச் சென்று பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42-ம் நாள்கள் ஏற்கெனவே உள்ளன. மலைப் பகுதிகளில் ஆஷா பணியாளர் அந்த வீட்டுக்குப் போகத்தான் போகிறார். 21-ம் நாள் அவர் பையில் ஒரு தாள் இருந்தால் போதும்.

இருந்தும் ஏன் முதலிடம் தரக் கூடாது என்கிறேன்? தமிழ்நாட்டுக் குழந்தைகளை அதிகம் பாதிக்கும், மிகச் சுலபமாகத் தடுக்கக்கூடிய பிறவிக் கோளாறு சிறுநீரில் தெரியாது. 2007 முதல் 2012 வரை ஐ.சி.எம்.ஆர் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. பிறவித் தைராய்டு குறைபாடு நாட்டளவில் 1,130-க்கு ஒன்று. சென்னையில் 727-க்கு ஒன்று. அட்ரினல் சுரப்பிக் கோளாறும் சென்னையில்தான் அதிகம். இரண்டுக்கும் குதிகால் ரத்தத் துளி போதும். தைராய்டு மாத்திரை மலிவு. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் மற்றப் பிள்ளைகளைப்போலப் படிக்கும், தவறினால் மந்தமாகும். கேரளம் இவற்றோடு இன்னும் இரண்டு கோளாறுகளைச் சேர்த்து அரசு மருத்துவமனைகளில் பார்க்கிறது. இதைச் செய்யாமல் நூறு அரிய நோய்களைத் தேடப் போவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சரவிளக்கு வாங்குவதுபோல.

சிறுநீரில் தேடுவது தீங்காகவும் முடியலாம். ஜப்பான் 1980-களின் நடுவில் ஆறு மாதக் குழந்தைகளின் சிறுநீரில் இரண்டு பொருள்களை அளந்து, நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயை நாடு முழுவதும் தேடத் தொடங்கியது. ஏராளமாக அகப்பட்டது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் 2002-ல் வெளியானபோது, சாவு குறையவே இல்லை என்று தெரிந்தது. அகப்பட்டவற்றில் பல தாமாகவே கரைந்துபோகக்கூடிய கட்டிகள். கொல்லும் வகை சோதனைக்குத் தப்பிப் பிறகு வந்தது. 2003-ல் திட்டத்தை நிறுத்த ஜப்பான் முடிவெடுத்தது. ‘நூறு நோய்’ விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அந்த நூறில் எத்தனைக்குச் சிகிச்சை உண்டு என்று விளம்பரத்தில் இருக்காது.

உறவுத் திருமணம் பற்றி ஒரு வார்த்தை. மலைவாசிகள் சொந்தத்தில் கட்டுவதால்தான் இந்த நோய்கள் என்று சமவெளியில் ஒரு சுலபத் தீர்ப்பு உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 28 விழுக்காட்டினர் ரத்த உறவில் மணம் முடித்தவர்கள். நாட்டிலேயே இதுதான் அதிகம். மாமன் மகனைக் கட்டிக்கொண்டு சேலத்தில் இருப்பவர், கொல்லிமலைக்கு உபதேசம் செய்ய ஏறுவது வேடிக்கை. தமக்குள்ளேயே மணம் கொள்ளும் சிறிய சமூகத்தில், நெருங்கிய உறவு இல்லாவிட்டாலும் ஒரே பழுதான மரபணு இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. அதற்கு வேண்டியது பழி அல்ல, சோதனை. கர்நாடகத்தில் 1980-களில் அப்பாஜி ராவ் குழுவினர் 1,12,269 குழந்தைகளின் ரத்தத்தில் அமினோ அமிலக் கோளாறுகளைத் தேடினார்கள். நாற்பது ஆண்டுக்கு முன் பக்கத்து மாநிலத்தில் முடிந்த காரியம்.

ஆக, சிறுநீர்த் தாளை யாருக்கு முதலில் எடுப்பது? காரணம் தெரியாமல் துவளும், வலிப்பு வரும் ஒவ்வொரு பச்சிளங்குழந்தைக்கும். முன்பு ஒரு குழந்தையைக் காரணம் தெரியாமல் பறிகொடுத்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு, பிறந்த முதல் நாளிலிருந்தே. பிழைக்காது என்று தெரிந்த குழந்தைக்கும்தான். கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால், இந்த நோய்களில் பெரும்பாலானவை அதே பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்போடு திரும்பி வருபவை. சாகும் குழந்தையின் காய்ந்த தாள் ஒன்று இருந்தால் அடுத்த குழந்தைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம். இல்லாவிட்டால் மூன்றாவது குழந்தையும் ‘தொற்று’ என்று போகும்.

எல்லாம் கோடி ரூபாய் நோயல்ல. தாய்க்கு பி12 குறைந்திருந்தால், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் சிறுநீரில் மெத்தில்மலோனிக் அமிலம் ஏறும், ஊசியில் தீரும். பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு பயோட்டின் மாத்திரை போதும். மற்றவற்றுக்கு வாழ்நாள் முழுக்கச் சிறப்புப் பால் மாவு வேண்டும். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையில் இவற்றுக்கு இடம் உண்டு. உதவி 50 லட்சம் ரூபாய் வரை என்று பின்னர் உயர்த்தப்பட்டது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அதற்கான மையங்களில் ஒன்று. கொல்லிமலையின் வளவந்தி நாட்டிலிருந்து ஒரு குடும்பம் எழும்பூர் போய்வரக் கூலி வேலையை விட்டு எத்தனை நாள் அலைய வேண்டும் என்பதைக் கொள்கை எழுதியவர்கள் யோசித்திருக்க வாய்ப்பில்லை. மாவு டப்பா செம்மேடு அரசு மருத்துவமனைக்கு மாதாமாதம் வந்து சேர வேண்டும். சர்க்கரை மாத்திரை வருகிறதே, அப்படி.

மருந்துச் செடிக்கும் சிறுதானியத்துக்கும் ஆய்வு செய்ய ஆள்கள் ஏறிக்கொண்டே இருக்கும் மலை இது. மாதிரி எடுத்தவர்கள் முடிவைச் சொல்லத் திரும்ப வர வேண்டும் என்று மக்கள் எதிர்பார்ப்பதில் என்ன தவறு? திட்டம் தீட்டுபவர்கள் இயந்திரத்துக்கு டெண்டர் விடும் முன் ஒரு காகிதத்தில் இதை எழுதட்டும்: தாளில் சந்தேகம் தெரிந்தால் அன்றைக்கே யார் செம்மேட்டுக்குத் தொலைபேசியில் சொல்வது, சிக்னல் கிடைக்காத ஊர் என்றால் யார் நடந்துபோய்ச் சொல்வது, உறுதிசெய்யும் சோதனைக்குக் குழந்தையையும் தாயையும் அழைத்துப்போக வண்டிக்கூலி எந்தக் கணக்கில், அது சந்தேகம் மட்டும்தான், நோய் என்று முடிவாகவில்லை என்பதை அந்தத் தாய்க்கு எந்தச் செவிலியர் உட்கார்ந்து விளக்குவது.