பழைய பொறியும் புதிய பாடமும்

விஞ்ஞானம் விரைந்து வளரும் இக்காலத்தில் சென்ற ஆண்டு வாங்கிய கைப்பேசி இந்த ஆண்டு பழையதாகிவிடுகிறது. புதியது வந்ததும் பழையதை மேசை அறையில் போட்டு மறந்துவிடுகிறோம். இப்படிப்பட்ட உலகில், நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய வீட்டுக் கணிப்பொறிகளுக்கு இன்றும் புதிது புதிதாக நிரல் எழுதுவோர் பலர் இருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அவர்களுக்கு யாரும் ஊதியம் தருவதில்லை. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறார்கள். ஒரு பொறிக்கு எழுதிய நிரலை மற்றொரு பொறியில் ஓடுமாறு மாற்றி எழுதுவதும் அவர்கள் விரும்பிச் செய்யும் வேலைகளில் ஒன்று.

"வேலையற்ற வேலை" என்று சிலர் இதை எள்ளி நகையாடலாம். நம் கருத்து அதுவன்று. இந்தப் பொழுதுபோக்கில் நம் பள்ளி மாணவியருக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அதை எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் அந்தப் பொறிகளை அறிமுகம் செய்துகொள்வோம். 1981ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பி.பி.சி. மைக்ரோ என்னும் கணிப்பொறி வெளிவந்தது. அடுத்த ஆண்டே சின்கிளேர் ஸ்பெக்ட்ரமும், அமெரிக்காவில் காமடோர் 64-உம் வந்தன. பி.பி.சி. மைக்ரோவை நம் நாடும் அறியும். 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்தியபோது, அப்பள்ளிகளுக்கு வந்தது இந்தப் பொறிதான். அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு படத்தைத் தாங்கத் தொண்ணூற்றாறு பி.பி.சி. மைக்ரோக்களின் நினைவகம் வேண்டும்!

ஒரு பொறியின் நிரல் ஏன் மற்றொன்றில் ஓடுவதில்லை? பி.பி.சி. மைக்ரோவின் உள்ளே இருந்த சில்லு 6502. ஸ்பெக்ட்ரத்தில் இருந்தது இசட்80. இரண்டுக்கும் கட்டளைகள் வேறு வேறு. எனவே முதல் நிரலின் கருத்தை நன்றாகப் புரிந்துகொண்டு, இரண்டாவது பொறியின் கட்டளைகளில் மறுபடியும் எழுத வேண்டும்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் நம் நெசவாளர்கள் 'அடை' கட்டிப் புட்டா எடுத்தார்கள். ஜக்கார்டு வந்த பின் அதே மயிலையும் மாங்காயையும் கட்டத்தாளில் வரைந்து, அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்துத் தறிமேல் ஏற்றினார்கள். புடவையில் பூத்தது அதே மயில்தான். ஆனால் அதைத் தறிக்குச் சொல்லும் முறை அடியோடு மாறிவிட்டது. பிள்ளையார்பாளையத்தில் நடந்த இந்த மாற்றமும், 6502-இலிருந்து இசட்80-க்கு ஒரு நிரலை மாற்றுவதும் தன்மையில் ஒன்றே.

இந்த ஒப்புமை நம் கற்பனை மட்டுமன்று. ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் 1804இல் உருவாக்கிய தறியின் துளையட்டைகளைப் பார்த்துத்தான், இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் பகுப்புப் பொறிக்கும் துளையட்டைகளால் கட்டளையிடலாம் என்று எண்ணினார். அப்பொறியைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார் அதனை நெசவுத் தறியோடு ஒப்பிட்டார். ஆக, கணிப்பொறி தறியின் உறவுக்காரப் பிள்ளை! நெசவாளர் வீட்டுப் பெண் கணிப்பொறியைக் கண்டு அஞ்ச வேண்டியதே இல்லை.

இனிச் சிக்கனத்துக்கு வருவோம். 1984இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவர் பி.பி.சி. மைக்ரோவுக்காக 'எலைட்' என்னும் விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். அதில் எட்டு அண்டங்கள், அண்டத்துக்கு 256 கோள்கள், மொத்தம் 2,048 கோள்கள். ஒவ்வொன்றின் பெயரையும் செய்தியையும் எழுதிவைக்க அந்தச் சின்னஞ்சிறு நினைவகத்தில் இடம் ஏது? எனவே அவற்றை எழுதிவைக்காமல், ஒரு சில எண்களிலிருந்து கணக்கின் வழியே வேண்டும்போது பிறக்கச் செய்தார்கள். நம் தாய்மார்கள் கோல நோட்டைப் புரட்டாமலே, புள்ளிக் கணக்கை மட்டும் நினைவில் கொண்டு வாசல் நிறையக் கோலமிடுவதில்லையா? அதே வித்தைதான் இதுவும்.

இடம் குறைவாக இருந்ததால் அறிவு அங்கே கூர்மையாயிற்று. இன்று இடம் மிகுந்துவிட்டது, சிந்தனை சுருங்கிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம்மில் பலர் கைப்பேசி மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்கிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் ஒரு நாளும் கேட்பதில்லை.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அது நம் தாய்மொழியைப் பற்றியது. கணிப்பொறிக்குத் தமிழ் எப்படி வந்தது? பெரிய நிறுவனங்கள் முன்வந்து தரும்வரை தமிழர்கள் காத்திருக்கவில்லை. கனடாவில் வாழ்ந்த முனைவர் சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஆப்பிள் கணிப்பொறிகளில் உள்ள 'இணைமதி' எழுத்துருவும் அவர் வடித்ததே. சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞராகப் பணிபுரிந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கி இலவசமாகவே வழங்கினார். 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவரும் அவரே. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டெழுதி உலகுக்கு இலவசமாக அளிக்கும் திட்டம் அது. வேதியியல் அறிஞர் ஒருவரின் ஓய்வுநேர உழைப்பு ஒரு மொழிக்கே தொண்டாயிற்று. இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியுமா?

அக்காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் திறந்தால் புரியாத குறிகளே தோன்றும். பிளாப்பி வட்டுகளில் இருந்த கதைகள், கடிதங்கள், ஆண்டு மலர்கள் பல இப்படி ஊமையாகிவிட்டன. அவற்றை இன்றைய ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்களை எழுதியவர்களிலும் ஆர்வலர்கள் பலர் உண்டு. பழைய பொறியை அறிந்தவர் எவரும் இல்லாத நாளில் அதில் எழுதியவையும் நம் கையைவிட்டுப் போய்விடும். காஞ்சியில் எத்தனை புதிய கட்டடங்கள் எழுந்தாலும், பல்லவர் எழுப்பிய கைலாசநாதர் கோயிலை யாரும் இடிக்கச் சொல்வதில்லை. மணற்கல்லுக்குக் காட்டும் அக்கறையை எழுத்துக்கும் காட்ட வேண்டாமா?

பெற்றோர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: "பழைய கணிப்பொறியைக் கற்றால் வேலை கிடைக்குமா?" நியாயமான கேள்விதான். தறிக்குழியில் கால் வைத்துப் படிக்கவைத்த தந்தைக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. ஸ்பெக்ட்ரம் தெரியும் என்பதற்காக யாரும் சம்பளம் தரமாட்டார்கள், உண்மை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பி.பி.சி. மைக்ரோவின் பேசிக் மொழியை எழுதியவர் சோஃபி வில்சன் அம்மையார். பின்னர் அவர் புதிய சில்லு ஒன்றின் கட்டளைத் தொகுதியை வடிவமைத்தபோது, அது சரியாக இயங்குமா என்று அதே பேசிக் மொழியில்தான் எழுதிப் பார்த்தார். 1985இல் பிறந்த அந்தச் சில்லுதான் ஏ.ஆர்.எம். இன்று நம் வீட்டுக் கைப்பேசிகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இருப்பது அதன் வழித்தோன்றலே. சிறிய பொறியை முழுவதும் அறிந்த கைதான் பெரியதைப் படைத்தது.

இத்துறை பெண்களுக்கு உரியதன்று என்று எண்ணுவோருக்கும் ஒரு சொல். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஒரு கன்னியர். மேரி கென்னத் கெல்லர் என்னும் அந்த அருட்சகோதரி 1965இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையை நிறுவி, இருபது ஆண்டுகள் வழிநடத்தினார்.

ஆதலால் நம் பள்ளியில் மூன்று சிறு முயற்சிகளை வேண்டுகிறோம்.

முதலாவது, கணிப்பொறி அறையில் பழையதாகிவிட்டது என்று எதையும் எடைக்குப் போடுமுன், ஒன்றையாவது திறந்து பார்க்க எங்களுக்குத் தர வேண்டும். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி, அக்காமார் படித்த காலத்தில் வந்தது, நம்மில் சிலர் வீட்டுப் பரணில் தூங்குகிறது. அதற்கும் இங்கே வேலை உண்டு. பழைய பொறிகளைப்போல நடிக்கும் எமுலேட்டர் நிரல்கள் அதில் நன்றாகவே ஓடும். செலவு ஏதுமில்லை.

இரண்டாவது, தமிழ் வகுப்பும் கணிப்பொறி வகுப்பும் கைகோக்க வேண்டும். ஸ்பெக்ட்ரத்தின் ஓர் எழுத்து எட்டுக்கு எட்டுக் கட்டம். பயன்படுத்துவோர் தாமே வரைந்துகொள்ள அது ஒதுக்கிய இடம் 21 எழுத்துகளுக்கே. நம் உயிரும் மெய்யும் சேர்ந்தாலே முப்பது! ஆனால் அதன் 96 எழுத்துகள் கொண்ட முழு அச்சுத் தொகுதியையும் மாற்றியமைக்க வழி உண்டு. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, உகர ஊகார எழுத்துகள் 36, கால், கொம்பு, புள்ளி முதலிய குறிகள் 7, ஆக 74. மீதி 22 இடங்களில் எண்களும் நிறுத்தக்குறிகளும் அடங்கிவிடும். 1978இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கியதால்தான் இக்கணக்கு இவ்வளவு எளிதாயிற்று. கட்டத்தாளில் புட்டா வரையும் ஊரில் பிறந்த நமக்கு, கட்டத்தில் 'ழ' வரைவது கடினமா?

மூன்றாவது, மாதம் ஒரு முறையாவது ஒவ்வொரு மாணவியும் இருபது வரியில் ஒரு நிரல் எழுத வேண்டும். கோலம் போடட்டும், வட்டிக் கணக்குப் பார்க்கட்டும், எதுவாயினும் அவள் சொந்தக் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

அன்புத் தோழியரே! பிறர் நெய்ததை உடுத்துவது எளிது. நெய்யக் கற்றவளுக்கோ எந்த ஊரிலும் மதிப்பு உண்டு. திரையைத் தொடுவதோடு நம் கல்வி நின்றுவிடக் கூடாது. அதன் பின்னே ஓடும் பாவையும் ஊடையையும் அறிவோம். அருட்சகோதரியரும் ஆசிரியப் பெருமக்களும் வழிகாட்ட, பெற்றோர் வாழ்த்த, சிறிய பொறியிலிருந்தே தொடங்குவோம்!