நோயுற்ற சண்டை மீனைக் கால்வாயில் கொட்டலாமா?



பள்ளிப் பிள்ளைகள் உள்ள தோட்ட வீடுகளில், சன்னலோரத்துப் போத்தல் ஒன்றில் சண்டை மீன் வளர்வது இன்று நேற்று வந்த வழக்கமன்று. மலாய் மொழியில் ஈக்கான் லாகா என வழங்கும் அம்மீனைச் சிலர் கடையில் விலைக்கு வாங்குகின்றனர். சிலர் செம்பனை நிரைகளுக்கு இடையே ஓடும் கால்வாயில் பிடித்து வருகின்றனர். ஒரு நாள் அம்மீன் துடுப்பைச் சுருக்கி, நிறம் வெளுத்து, போத்தலின் அடியில் படுத்துவிடுகிறது. பிள்ளை கண் கலங்குகிறது. பெரியவர்கள் கூறும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: “இரண்டு மூன்று வெள்ளி மீன்தானே! கால்வாயில் கொட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்.”

இம்மறுமொழி தவறானது என்பதே என் கருத்து. முதலாவதாக, அந்த மீன் ஏன் நோயுற்றது என்று எவரும் கேட்கவில்லை. அதே போத்தலில், அதே முறையில் ஊற்றிய தண்ணீரில் அடுத்த மீனை விட்டால், அதுவும் அதே வழியில்தான் போகும். இரண்டாவதாக, நம் கால்வாய்களும் ஓடைகளும் வெறும் கழிவுநீர்ப் பாதைகள் அல்ல. சண்டை மீனின் உறவினங்கள் நம் தீபகற்பத்திலேயே உண்டு. பினாங்கில் கிடைத்த பெத்தா புக்னாக்ஸ் என்னும் இனத்தை 1849-இல் கேன்டர் என்னும் அறிஞர் விவரித்தார். வயல்களிலும் சதுப்புகளிலும் வாழும் பெத்தா இம்பெல்லிஸ் 1975-இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது. நாம் கடையில் வாங்கும் நீண்ட வாலுடைய மீனோ சயாம் நாட்டு வழிவந்தது. 1910-இல் ரீகன் என்பவர் அதற்குப் பெத்தா ஸ்ப்ளென்டென்ஸ் எனப் பெயரிட்டார். 2019-இல் தாய்லாந்து அதனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகவே அறிவித்தது. நோயுற்ற கடை மீனை ஓடையில் விடுவது, அம்மை கண்டவரைச் சந்தைக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும். அது பிழைத்துக்கொண்டாலும் தொல்லைதான். உள்ளூர் இம்பெல்லிஸ் மீனுடன் அது கலந்து இனம் பெருக்கவும் கூடும்.

ஆகவே மீனைக் கவனிப்போம். ஆனால், நோயல்லாததை நோயென்று எண்ணி மருந்து ஊற்றுவோரும் நம்மிடையே உண்டு. சண்டை மீன் அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றை விழுங்குவது மூச்சுத் திணறலன்று. செவுளுக்கு மேலே காற்றை ஏற்கும் தனி உறுப்பு ஒன்று அதற்கு உண்டு. அதனால்தான் போத்தலின் மூடிக்கும் நீருக்கும் இடையே இடைவெளி விட வேண்டும் என்கிறோம். நீர்மேல் சிறு சிறு நுரை திரண்டு நிற்பதும் அழுக்கன்று. முட்டைகளை வைத்துக் காப்பதற்கு ஆண்மீன் கட்டும் கூடு அது. அதைக் கண்டு பதறி நீர் முழுவதையும் கொட்டுவது மீனின் உழைப்பை வீணாக்குவதாகும்.

உண்மையான நோய்க்குறிகளை அறிய நூல் எதுவும் வேண்டியதில்லை. தினமும் உணவிடும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். நேற்று ஓடிவந்து உண்ட மீன் இன்று முகம் திருப்புகிறதா? துடுப்புகள் விசிறிபோல் விரிந்திருக்கின்றனவா, மடித்த குடைபோல் ஒட்டிக்கிடக்கின்றனவா? கல்லிலும் கண்ணாடியிலும் உடலை உரசுகிறதா? செவுள் வேகமாக அடித்துக்கொள்கிறதா? மேலிருந்து பார்த்தால் வயிறு ஒருபுறம் புடைத்துள்ளதா? நலமாய் இருக்கும் நாளில் மீனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே நோயுற்ற நாள் தெரியும். இந்தப் பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும் என்பதற்காகவே நான் இவ்வளவு எழுதுகிறேன்.

குறி தெரிந்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் தண்ணீரைப் பாருங்கள். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியா என்னும் நச்சை இடைவிடாது வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவு அழுகினாலும் அதே நச்சுத்தான் உண்டாகும். அரை லிட்டர் போத்தலில் அது ஓரிரு நாளிலேயே மீனைச் சுடும் அளவுக்குச் சேர்ந்துவிடுகிறது. நான் கண்டவரையில், நோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி தண்ணீரின் நோயே. மூன்றில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, அதே சூடுள்ள நல்ல நீரை மெல்ல ஊற்றுங்கள்; மறுநாளும் அவ்வாறே செய்யுங்கள். ஒரேயடியாக முழு நீரையும் மாற்றினால் அந்த அதிர்ச்சியே மீனைக் கொல்லும்.

குழாய் நீரை அப்படியே ஊற்றலாகாது. அதில் கலந்துள்ள குளோரின் செவுளை அரிக்கும். வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரின் ஆவியாகிவிடும். சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது குளோராமைன். அது இவ்வாறு நீங்காது, கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்து வேண்டும். வாளியின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். இல்லையேல் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். மீனுக்கு உணவாகும் என்று கொசுப்புழுவை வீட்டில் வளர்ப்பதும் ஆகாது. நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம்.

இனி நோய்களுக்கு வருவோம். உப்பைத் தூவியதுபோல் உடலெங்கும் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஓர் ஒட்டுண்ணியின் வேலை. அதன் வாழ்க்கையை அறியாமல் வைத்தியம் பார்ப்பதால்தான் பலர் தோற்கின்றனர். புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கடியில் பதுங்கியிருக்கிறது. மருந்து அதைத் தீண்டாது. முதிர்ந்ததும் கழன்று அடியில் விழுந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அக்குஞ்சுகள் நீந்தித் திரியும் வேளையில்தான் மருந்து அவற்றைக் கொல்லும். நம் வெப்பத்தில் இச்சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். புள்ளி மறைந்த அன்றே “குணமாகிவிட்டது” என்று மருந்தை நிறுத்தினால், கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மீண்டும் ஏறிக்கொள்ளும். மெத்திலின் நீலம் போன்ற மருந்தைப் புட்டியில் குறித்த அளவுப்படி, பெரியவர் கையால், கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் சில நாள் தொடர வேண்டும். வெண்புள்ளிக்குப் பதிலாகப் பொன்தூள் பூசியதுபோல் மின்னினால் அது வேறோர் ஒட்டுண்ணி. கைவிளக்கை அடித்துப் பார்த்தால் தெரியும். அது ஒளியிலிருந்தும் உணவு பெறுவதால், கலனை இருட்டாக மூடி வைப்பதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

துடுப்பின் ஓரம் கிழிந்து, கறுத்து அல்லது சிவந்து தேய்ந்தால், அழுக்கு நீரில் பெருகிய நுண்கிருமிகளே காரணம். தொடக்கத்திலேயே கண்டால் நல்ல நீரும் சிறிது உப்பும் போதும். 4 லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, எதுவும் கலவாத கல்லுப்பு; தனியே கரைத்தபின் ஊற்றவும். பத்து நாளைக்கு மேல் உப்பு நீரில் வைக்க வேண்டாம்.

நம்மவர் சிலர் தமக்குக் கொடுத்த கிருமிக்கொல்லிக் குளிகையைப் பிரித்துப் போத்தலில் தட்டிவிடுகின்றனர். அளவும் தெரியாது, நோயும் தெரியாது. இப்பழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அம்மருந்துக்குப் பழகிப்போகும் கிருமி மனிதருக்கும் தீங்கானது. இதற்கு மாறாக, உதிர்ந்து காய்ந்த கெத்தாப்பாங் இலையைப் போடும் பழைய வழக்கம் நல்லதே. அவ்விலையின் துவர்ப்பு நீரைச் சற்றுப் புளிப்பாக்கி, அம்மீன் இயற்கையில் வாழும் பழுப்பு நீரைப்போல் ஆக்குகிறது. ஆனால் அது எல்லா நோய்க்கும் மருந்தென்பது கடைக்காரர் பேச்சு.

வயிறு மட்டும் புடைத்திருந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய தீனியே காரணம். மீனின் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான்! ஓரிரு நாள் பட்டினி போட்டுப் பாருங்கள். செதில்கள் யாவும் அன்னாசிப்பழம்போல் வெளிநோக்கி நிமிர்ந்துவிட்டால் உள்ளுறுப்புகள் கெட்டுவிட்டன என்று பொருள்; பிழைப்பது அரிது. அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் கூறிவிடுங்கள். இறந்த மீனைப் பூச்செடியடியில் புதையுங்கள். போத்தலைக் கழுவி நன்றாக வெயிலில் காயவையுங்கள்.

மீன் நீரில் கைவிடுமுன் கையில் காயம் உண்டா என்று பாருங்கள். மீனிலிருந்து காயத்தின் வழி மனிதத் தோலில் ஏறும் கிருமியும் உண்டு. களைக்கொல்லி தெளித்துத் திரும்பும் பெற்றோர், நன்கு குளித்த பின்பே கலனைத் தொட வேண்டும். கொசு ஒழிப்புப் புகையடிக்க வரும் நாளில் கலனை மூடி உள்ளறைக்குக் கொண்டு செல்லுங்கள். கொசுமருந்துகளிற் பல மீனுக்குக் கொடிய நஞ்சாகும். சமவெளியில் உள்ள நமக்கு நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கோ அது தேவை. அங்கு இரவுக் குளிரில் மீன் விறைத்து, உண்ணாமல் கிடக்கும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீன் வாங்கித் தருமுன் 10 லிட்டருக்குக் குறையாத கலன் ஒன்றை வாங்குங்கள். இறந்து இறந்து ஆண்டுக்கு நான்கைந்து மீன் வாங்கும் பணம் அதற்கு ஏறக்குறையப் போதும். நன்கு பேணிய சண்டை மீன் மூன்றாண்டு வரையிலும், சில அதற்கு மேலும் வாழும். முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வந்த பிள்ளை, அதே மீனுக்கு மூன்றாம் ஆண்டிலும் தீனி போடலாம்.