பலகை இருந்தா பாயைக் குறைக்க வேண்டாமா?

சென்ற இதழில் ஒரு நண்பர் 'டிரைமரான்' பற்றி எழுதியிருந்தார். நடுவில் கயாக் என்ற ஒல்லிப் படகு, இரண்டு பக்கமும் மிதவை, மேலே சின்னப் பாய். "இது கவிழவே கவிழாது" என்று முடித்திருந்தார். நான் ஒத்துக்க மாட்டேன். பெயரில் இருக்கிற 'மரான்' நம்ம கட்டுமரத்திலிருந்து போனதுதான். அது பெருமைதான். ஆனால் பெருமை வேறு, காத்து வேறு.

மிதவை இல்லாவிட்டாலும் நம்ம பாக் நீரிணையில் அதே வேலையைச் செய்ய ஒரு பலகை இருந்தது. பாய் வள்ளத்தின் குறுக்கே நீளமாகப் போட்டு, காத்து வரும் பக்கம் ஆள் ஏறி உட்காருவார்கள். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகள் பற்றி எழுதியபோது இந்தப் பலகையையும் குறித்திருக்கிறார். இலங்கையில் ஒருவ என்ற படகுக்காரர்கள் காத்தையே ஆள் கணக்கில் சொல்வார்களாம்: ஒரு ஆள் காத்து, ரெண்டு ஆள் காத்து என்று. மிதவைக் கட்டையில் எத்தனை பேர் ஏறணுமோ அத்தனை.

ஆனால் அந்தக் கணக்கு ஒரே சீராக அடிக்கும் காத்துக்குத்தான். விட்டு விட்டு அடிக்கிற காத்துக்கு அது உதவாது. காத்தின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நாலு மடங்கு. அந்த நேரத்தில் தணிந்த பக்கத்து மிதவை தண்ணிக்குள் போய்விட்டால் படகு மூக்கைக் குத்திப் புரளும். காத்து திடீரென்று நின்றாலும் ஆபத்துதான். பலகை நுனியில் இருக்கிற ஆளோட கனம் படகை அவர் பக்கமே சாய்த்துவிடும். இன்னொன்று, மூன்று உடல் உள்ள படகு தலைகீழானால் அப்படியே நிலையாக மிதக்கும். தனி ஆளால் திருப்புவது ரொம்பக் கஷ்டம்.

நம்ம ஊருக்கு இன்னொரு வில்லங்கம் இருக்கு. ஆடி மாசக் கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கரையோரம் குளம் மாதிரி கிடக்கும். அதைப் பார்த்து "கடல் அமைதியா இருக்கு"ன்னு பாயை முழுசா விரிச்சுடறாங்க. கொஞ்சம் உள்ளே போனால்தான் தெரியும். ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை குட்டையா, அடுத்தடுத்து வரும். திரும்பணும்னா எதிர்க்காத்து. திரும்ப முடியாதவரை அது எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும்.

ஆகவே என் கருத்து: சந்தேகம் வந்த உடனே பாயைச் சுருக்கணும், காத்து ஏறினபிறகு அல்ல. தண்ணி மேல் கறுப்பாய் ஒரு திட்டு ஓடி வந்தால் அதுதான் அடுத்த வீச்சு. மேற்கே மேகம் கறுத்துக் குளிர்காத்து தொட்டால் பாயை இறக்கிவிட வேண்டியதுதான். பாய்க்கயிற்றைப் படகில் முடிச்சுப் போடவே கூடாது, கையில் இருக்கணும். கயிற்றை விட்டால் பாய் படபடத்துக் காத்தை விட்டுவிடும். கவிழ்ந்தால் படகை விட்டுக் கரைக்கு நீந்தக் கூடாது. தேடி வருபவர்கள் கண்ணுக்குத் தலை தெரியாது, படகுதான் தெரியும்.

லைஃப் ஜாக்கெட்டைப் பற்றிச் சொன்னால் அண்ணன்மார் சிரிக்கிறாங்க. "கடல்ல பொறந்தவனுக்கு எதுக்குடா?" பாய்க்கட்டை தலையில் அடித்து மயங்கினவனுக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? உட்காருகிற மெத்தையாகக் கிடப்பதை உடம்பில் மாட்டணும். செல்போனைத் தண்ணி புகாத உறையில் போட்டுக் கழுத்தில் கட்டணும். கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

நம்ம பள்ளியில் கபடி, வாலிபால் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். இடுப்பளவு தண்ணியில் ஒரு படகைக் கவிழ்த்து, எப்படிப் பிடித்துக்கொள்வது என்று பி.இ.டி. சார் ஒரு நாள் காட்டினால் என்ன? பெரியவர்கள் துணையோடுதான். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமல்ல, எல்லாரும் வரணும்.

டிரைமரான் நண்பர் பதில் எழுதினால் அடுத்த இதழில் இதே இடத்தில் ஒட்டப்படும்.

— பதினோராம் வகுப்பு மாணவன்