ஏழு மாதங்களில் என்ன கற்றுத் தருகிறீர்கள்?

குமாரபாளையத்தில் விடியற்காலை நாலரை மணிக்குத் தறிச் சத்தத்தோடு சேர்ந்து இன்னொரு சத்தமும் கேட்கும். பையன்கள் ஓடுகிற சத்தம். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், கயிறு ஏற வேண்டும், நீளம் தாண்ட வேண்டும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கான உடற்தகுதி அது. ஓடுகிறவர்களில் பாதிப் பேரின் அப்பாக்கள் விசைத்தறிக் குடோனில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவர்கள். சிலரின் அம்மாக்கள் தெரு கூட்டுகிறவர்கள். பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும், தொடக்கத்தில் அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய், அரசு வேலை. ஆனால் எங்கள் தெருப் பையன்கள் ஓடுவது சம்பளத்துக்காக மட்டும் இல்லை. ‘நம்ம வூட்ல ஒரு போலீஸ் இருந்தா எவனும் வாய்க்கு வந்தபடி பேசமாட்டான்’ என்பது அவர்கள் வீடுகளில் சொல்லப்படுகிற காரணம். தோட்டத்துக்காரர் வீட்டு நாலு வயதுக் குழந்தையும் தன் தாத்தாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைப் பார்த்து வளர்ந்த அருந்ததியர் பையனுக்குக் காக்கிச் சட்டை என்றால் என்ன என்று நகரத்தில் உட்கார்ந்து அரசு வன்முறை பற்றிக் கட்டுரை எழுதுகிற நாம் யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. அதனால் போகாதே என்று அவனிடம் சொல்ல மாட்டேன். அவனை உள்ளே அழைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அப்படி ஓடித் தேறிய ஒருவன் பயிற்சி முடித்து விடுப்பில் வந்திருந்தான். டீக்கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து நூற்பாலையில் வேலை செய்கிற ஒரு வடநாட்டுத் தொழிலாளி செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு போனார். நம் ஆள் உட்கார்ந்த இடத்தில் இருந்தே ‘ஏய்... இங்க வாடா’ என்றான். வந்தார். ‘எந்த ஊரு? ஆதார் இருக்கா?’ சீருடையில் இல்லை, பணியில் இல்லை, அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அவர் போன பிறகு, ‘இதை எங்கடா கத்துக்கிட்ட?’ என்று கேட்டேன். சிரித்தான். ‘கத்துக்கறதுக்கு என்னண்ணா இருக்கு, அது தானா வருது.’

அந்தத் ‘தானா வருது’தான் ஏழு மாத அடிப்படைப் பயிற்சியின் சாரம் என்று எனக்குத் தோன்றியது. காகிதத்தில் பார்த்தால் பாடத்திட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் மூன்று புதிய சட்டங்கள், அரசியல் சட்டம், மனித உரிமை, தடயவியல், முதலுதவி எல்லாம் உள்வகுப்பில் உண்டு. வெளிவகுப்பில் கவாத்து, துப்பாக்கி, லத்தி, கூட்டத்தைக் கலைத்தல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உண்டு. அதை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு வகுப்பாம். பாடம் எடுத்தவர் சட்டத்தை வாசித்துவிட்டு, ‘ஃபீல்டுக்குப் போனா தெரியும், பி.சி.ஆர் கேஸ்ல பாதி பொய்’ என்றாராம். வகுப்பு சிரித்ததாம். இவனும் சிரித்தானாம். பக்கத்தில் இருந்தவனுக்குத் தன் சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று சிரித்தானாம். எந்தப் பயிற்சிப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. அவன் வேலையில் இருக்கிறான்.

அந்த ‘பி.சி.ஆர்’ என்கிற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். 1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்துக்கு 1976இல் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் பி.சி.ஆர். அதைவிடக் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, 2015இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் கொங்கு வட்டாரத்துக் காவல் நிலையங்களிலும் சாதிச் சங்க மேடைகளிலும் அதற்குப் பெயர் ‘பி.சி.ஆர்’தான். சட்டத்தின் பெயரைக் கூடப் படிக்காதவர்கள் அது பொய் வழக்குக்கான சட்டம் என்பதை மட்டும் ஒன்றுபோலப் படித்திருக்கிறார்கள். புகாரை வாங்காமல் அலைக்கழிப்பதும், வாங்கினால் சமரசம் பேசுவதும், பிறகு ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று முடித்து வைப்பதும் போலீஸ். அந்தக் கணக்கை எடுத்துக் காட்டிப் ‘பார், எல்லாம் பொய்’ என்பதும் போலீஸ்.

கவாத்து மைதானத்தில் கற்பது கீழ்ப்படிதல் என்பார்கள். ஒழுங்கான படைக்கு அது தேவைதானே என்றும் கேட்பார்கள். ஆனால் எதற்குக் கீழ்ப்படிகிறார்கள்? ஆர்டர்லி முறையை 1979லேயே ஒழித்துவிட்டதாகத் தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் மறுபடியும் அதைக் கையில் எடுத்து, நாலு மாதத்துக்குள் ஒழியுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. நடுவில் 43 வருடம். பயிற்சி பெற்ற காவலர், மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டிக்கொண்டும் காய்கறி வாங்கிக்கொண்டும் இருந்தார். மேலே இருப்பவன் காலால் இட்டதைத் தலையால் செய், கீழே இருப்பவனிடம் அதை வட்டியோடு வசூலித்துக்கொள். இந்த ஏணியை எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? அம்பேத்கர் சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னபோது அவர் காவல் துறையைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தாலும் வேறு சொல் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு விஷயம் வெளியில் பலருக்குத் தெரியாது. பயிற்சி முடித்த இரண்டாம் நிலைக் காவலர் நேராகக் காவல் நிலையத்துக்கு வருவதில்லை. ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ போகிறார். வருடக்கணக்கில் பந்தோபஸ்து, கைதி வழிக்காவல், அமைச்சர் வருகை. உள்வகுப்பில் படித்த சட்டமெல்லாம் வெயிலில் நின்று ஆவியான பிறகுதான் நிலையத்துக்கு வருகிறார். அங்கே ஏட்டய்யாவும் எழுத்தரும் நடத்துவது இரண்டாவது பள்ளி. யார் வந்தால் நாற்காலி, யார் வந்தால் சுவரோரம். எந்தத் தெருவில் திருட்டு நடந்தாலும் முதலில் எந்தக் குடியிருப்பில் போய் ஆளைத் தூக்குவது. அதற்குப் பாடப்புத்தகம் கிடையாது. சரித்திரப் பதிவேடு இருக்கிறது.

அதன் வேர் பழையது. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் கிட்டி போட்டு விரல்களை நசுக்கியதை எல்லாம் அதில் எழுதினார்கள். அதன் பின்விளைவாக 1859இல் புதிய காவல் சட்டம் வந்தது. கிட்டி போனது, லத்தி வந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் விரித்தார்கள். பிறப்பால் திருடன் என்ற சட்டம் சுதந்திரத்தை ஒட்டி நீக்கப்பட்டதும் அந்த இடத்தில் ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. 2024 அக்டோபரில் சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில், சீர்மரபினரைக் காவல் துறை காரணமின்றிக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1993இல் கடலூர் மாவட்டம் முதனையிலிருந்து கொண்டுபோகப்பட்ட ராஜாகண்ணுவை நாம் ‘ஜெய் பீம்’ படத்தில் அழுதுகொண்டே பார்த்தோம். படம் பார்த்து அழுத ஊரில்தான் மறுநாளும் சந்தேகக் கேஸுக்குக் குறவர்களையும் இருளர்களையும் தேடினார்கள்.

சேலத்துக்குப் பக்கத்து மாவட்டம் தர்மபுரி. 1992 ஜூன் 20 அன்று வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து புகுந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பரில் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்து போயிருந்தார்கள். அந்த 215 பேரில் 84 பேர் போலீஸ். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 18 பழங்குடிப் பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்ட அந்தக் கிராமத்தில், ஒரு சீருடைக்காரர் கூட ‘நான் வரமாட்டேன்’ என்று திரும்பிப் போகவில்லையா? சட்டவிரோத ஆணைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்பது ஏதாவது ஒரு வகுப்பில் வந்திருக்குமே? வாச்சாத்தித் தீர்ப்பைக் காவலர் பயிற்சியில் முழுப் பாடமாக வைத்து, தேர்வில் கேள்வி கேட்டு, அந்த ஊர்ப் பெண்களையே அழைத்து வகுப்பெடுக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வருகிறதா என்று பார்ப்போம்.

எங்கள் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை இருக்கிறது. 2015 ஜூன் 23, திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவில். ஓமலூர் கோகுல்ராஜ், பொறியியல் படித்த தலித் இளைஞர், சக மாணவியோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் உடல். குற்றவாளியான யுவராஜ் தலைமறைவாக இருந்த மாதங்களில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டுக் காவல் துறைக்கே சவால் விட்டுக்கொண்டிருந்தார். அந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்த திருச்செங்கோடு டி.எஸ்.பி விஷ்ணுபிரியா செப்டம்பர் 18 அன்று இறந்து போனார். அவரும் தலித். இளம் அதிகாரி. தேர்வெழுதி, பயிற்சி முடித்து, நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்தவர். அவர் மரணத்தை சி.பி.ஐ விசாரிக்க உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அக்டோபர் 11 அன்று யுவராஜ் நாமக்கல்லில் ஆதரவாளர்கள் சூழ வந்து சரணடைந்தார். போலீஸ் அவரைப் பிடிக்கவில்லை. அவராக வந்தார். 2022இல் மதுரை நீதிமன்றம் தண்டனை கொடுத்ததும், 2023இல் நீதிபதிகளே திருச்செங்கோடு மலையேறிப் பார்த்துவிட்டு அதை உறுதி செய்ததும் கோகுல்ராஜின் தாய் சித்ரா விடாமல் நின்றதால் நடந்தது. சொந்தப் படைக்குள் ஒரு தலித் அதிகாரி தனியாகிப் போனால் என்ன செய்வது என்று எந்தக் கழகத்திலாவது ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா?

இத்தனைக்கும் அரசு வைத்திருக்கும் ஒரே மருந்து என்ன தெரியுமா? ‘காவலர்களுக்குக் கனிவுப் பயிற்சி.’ 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்சும் செத்தபோதும் அதே பேச்சு. 2023இல் அம்பாசமுத்திரத்தில் ஒரு ஏ.எஸ்.பி விசாரணைக்கு வந்தவர்களின் பல்லைப் பிடுங்கியதாகப் புகார் வெடித்தபோதும் அதே பேச்சு. 2025 ஜூனில் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார் அடித்தே கொல்லப்பட்டபோதும் அதே பேச்சு. நண்பர்களே, அந்த ஏ.எஸ்.பி ஏழு மாதப் பயிற்சியில் தப்பித் தவறி வந்தவர் அல்ல, ஐ.பி.எஸ். நாட்டிலேயே அதிகப் பயிற்சி பெற்ற போலீஸ் அவர்கள்தான். சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே ஒரு காவலர் ஒருமையில் பேசினார் என்று அந்த நடுவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். காவல் நிலையத்தை வருவாய்த் துறை கையில் எடுக்கச் சொன்னது நீதிமன்றம். அதே நிலையத்தில், அதே பயிற்சி பெற்ற தலைமைக் காவலர் ரேவதி, நடந்ததை நடந்தபடி சாட்சி சொன்னார். அவரை எந்தப் பயிற்சிக் கழகமாவது வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தால் தெரிந்துகொள்ள ஆசை.

2019இல் காமன் காஸ், லோக்நீதி அமைப்புகள் 21 மாநிலங்களில் சுமார் 12 ஆயிரம் போலீஸாரிடம் கேட்டார்கள். சிறு குற்றங்களுக்கு வழக்கு நடத்துவதைவிட போலீஸே சின்னதாகத் தண்டித்துவிடுவது மேல் என்றவர்கள் 37 சதவீதம். இவர்களுக்குப் பயிற்சி போதவில்லை என்று யார் சொன்னது? நன்றாகப் பயின்றிருக்கிறார்கள்.

அவர்களுக்குக் கைதட்டக் கற்றுக்கொண்டவர்கள் நாம். 2024 செப்டம்பர் 27 அன்று திருச்சூரில் ஏ.டி.எம்களை உடைத்துவிட்டுக் கண்டெய்னர் லாரியில் வந்த கும்பலைக் குமாரபாளையம், வெப்படை வட்டாரத்தில் போலீஸ் விரட்டிப் பிடித்தது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். போலீஸாரும் காயப்பட்டார்கள். அன்று சுட்டது தற்காப்பா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை, என் வேலை அல்ல. ஆனால் அன்று மாலை எங்கள் ஊர் டீக்கடைகளில் ‘மிச்சம் இருக்கறவனையும் போட்டிருக்கணும்’ என்று பேசியதைக் கேட்டேன். பேசியவர்களில் முற்போக்குத் தோழர்களும் உண்டு. என்கவுன்டர் ஒவ்வொன்றையும் தனி அமைப்பு விசாரிக்க வேண்டும், உடனடிப் பதக்கமோ பதவி உயர்வோ கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது யாருக்கு நினைவிருந்தது? தெருவில் நிற்கும் வருங்காலக் காவலன் அந்தக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டுதான் ஓடுகிறான்.

மாற்ற முடியாது என்று சொல்லாதீர்கள். 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார், 2022இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்ந்தது. பால்புதுமையரைத் துன்புறுத்தும் காவலர் மீது நடவடிக்கை எடுக்கலாம். சேலத்துப் பிரித்திகா யாஷினி நீதிமன்றம் போய்ச் சண்டை போட்டு 2017இல் உதவி ஆய்வாளர் ஆனார். அப்படியானால் புகார் கொடுக்க வந்தவரின் சாதியைக் கேட்டுத் திட்டும் காவலருக்கு ஏன் அதேபோல வெளிப்படையான ஒரு விதி இல்லை? வட அயர்லாந்தில் 1999இன் பாட்டன் அறிக்கைக்குப் பிறகு படையின் பெயரை மாற்றினார்கள், கத்தோலிக்கருக்குச் சரிபாதி இடம் கொடுத்து ஆளெடுத்தார்கள், பயிற்சியை மாற்றினார்கள், கூடவே போலீஸ் கையில் இல்லாத ஒரு புகார் விசாரணை அதிகாரியை வைத்தார்கள். இங்கே? 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் தனிப் புகார் ஆணையம் அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013இல் தமிழ்நாடு சட்டம் போட்டது. மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டி.ஜி.பி. யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே கொடு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவைப் பாருங்கள். புகாரை வாசித்துக் காட்டாத, வழக்குப் பதியாத, நகல் தராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை. தலித், பழங்குடி அல்லாத அதிகாரிகளுக்கு அது பொருந்தும். ஆனால் அதற்கும் நிர்வாக விசாரணையின் பரிந்துரை வேண்டுமாம். அந்தப் பிரிவில் கைதான ஒரு காவல் ஆய்வாளரின் படத்தை உங்கள் ஊர்ச் செய்தித்தாளில் எத்தனை முறை பார்த்தீர்கள்? ஒரு மாவட்டத்தில் நாலு பேர் மீது அந்தப் பிரிவு பாய்ந்தால், அடுத்த பயிற்சி அணியில் அந்த ஒரு மணி நேர வகுப்பு எப்படி நடக்கும் என்று யோசியுங்கள்.

டீக்கடையில் பார்த்தவனின் தம்பி இப்போது ஓடுகிறான். எழுத்துத் தேர்வுக்குப் பொது அறிவு சொல்லித் தரச் சொன்னான். வாரம் இரண்டு நாள் வருகிறான். போன வாரம் வாச்சாத்தியும் நான்காவது பிரிவும் சொன்னேன். ‘இது எக்ஸாம்ல வருமாண்ணா?’ என்றான். வராது என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.