விற்கப்பட்ட பெண்கள் கண்ட சங்கம்

வேலை வாங்கித் தருகிறேன் என்றுதான் அவன் வருவான். நேபாளத்துச் சிந்துபால்சோக் மலைக்கிராமங்களுக்கும், காத்மாண்டு கம்பளப் பட்டறைகளுக்கும் தரகன் அப்படித்தான் வந்தான். ஏழைக் குடும்பத்துச் சிறுமிகளை எல்லை தாண்டி அழைத்துவந்து மும்பை காமாத்திபுராவில் விற்றான். வாங்கியவள் கொடுத்த விலை, அந்தச் சிறுமியின் பெயரிலேயே கடனாக எழுதப்பட்டது. சோறும் துணியும் மருந்தும் கடனில் ஏறின. கடன் தீரும்வரை வெளியே போக முடியாது.

தோழர்களே! இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? முன்பணத்தைக் காட்டிப் பண்ணையாளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைத்த மிராசுதாரின் கணக்கு அல்லவா இது!

1996 பிப்ரவரியில் மும்பைப் போலீசார் சோதனை நடத்தி, நானூறுக்கு மேற்பட்ட பெண்களை மீட்டார்கள். அவர்களில் சுமார் இருநூறு பேர் நேபாளிகள். விடுதலை கிடைத்ததா? மாதக்கணக்கில் காப்பகங்களில் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை ஏற்க நேபாள சர்க்கார் தயங்கியது. குடியுரிமைச் சான்று எங்கே என்ற கேள்வி எழுந்தது. எய்ட்ஸ் நோயைக் கொண்டு வருவார்கள் என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் நேபாளத் தொண்டு ஸ்தாபனங்களின் முயற்சியால் 128 பேர் நாடு திரும்பினார்கள்.

அவர்களில் 15 பேர் அதே ஆண்டில் ஒரு சங்கம் கண்டார்கள். சக்தி சமூஹா என்று பெயர். குடியுரிமைச் சீட்டு இல்லாததால் சங்கத்தைப் பதிவு செய்யவே 2000 வரை போராட நேர்ந்தது. தப்பிவந்தவர்களுக்கு இருப்பிடம் கொடுத்தார்கள்; கோர்ட்டில் துணை நின்றார்கள்; கிராமங்களில் சிறுமிகளைக் குழுவாகத் திரட்டித் தரகனின் தந்திரத்தை விளக்கினார்கள். 2013-இல் மகசேசே விருது அவர்களைத் தேடி வந்தது.

சட்டம் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். மனிதரை விற்பதை நம் அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்கிறது. 1956-இல் தனிச் சட்டமும் வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் போலீஸ் வண்டி வருவது விற்பனை முடிந்த பிறகு. மீட்கப்பட்டவள் அதே பட்டினிக்கும் அதே ஏச்சுக்கும் திரும்பினால், அடுத்த தரகன் வாசலில் நிற்பான்.

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? நம் சேரிகளுக்கும் ஆலைக் குடியிருப்புகளுக்கும் ஆள் பிடிக்க வருகிறவனை விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் மாதர் சங்கமும் சேர்ந்து விசாரிக்க வேண்டும். எந்த ஊர், என்ன வேலை, என்ன கூலி என்று எழுதி வாங்க வேண்டும். போன பெண்ணிடமிருந்து தகவல் இல்லையென்றால் பெற்றோரைத் தனியே அலையவிடாமல் கூட்டமாகப் போலீஸ் நிலையம் செல்ல வேண்டும். குழந்தை என்றால் உடனே 1098-க்குச் சொல்ல வேண்டும். திரும்பி வந்தவளைத் தூற்றுகிறவன் தரகனுக்கே வேலை செய்கிறான். அவளுக்குச் சங்கத்தில் இடம் கொடுங்கள்.

உழைப்பவர் வீட்டில் வயிறாரச் சோறும் உரிய கூலியும் இருந்தால் தரகன் பேச்சு எடுபடாது. அந்தக் கூலிக்கான போராட்டம் நம் பெண்மக்களைக் காக்கும் போராட்டமும் ஆகும்.