கோட்டைச் சுவரில் கோணமலைக் கற்கள்

தாம்பரத்திலிருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்தொடர்வண்டியில் செல்லும் நம்மவர் நாள்தோறும் பரங்கிமலை நிலையத்தைக் கடக்கின்றனர். அப்பெயரிலுள்ள பரங்கி யாவன் என எண்ணிப் பார்ப்பார் எத்துணைப் பேர்? 1523-இல் அம்மலைமேல் தம் கோயிலை எழுப்பிய போர்த்துக்கீசிய இனத்தார்தாம், ஒரு நூற்றாண்டு கழித்து, ஈழத்துத் திருக்கோணமலையில் நம் கோயிலை இடித்தனர்.

கீழைக் கடலுக்குள் மூக்கெனப் புகுந்து நிற்கும் பாறைமுனை அது. அலைக்குமேல் 300 அடிக்கும் மிகுதியாகச் செங்குத்தாய் உயர்ந்தது. ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் பாடிய ஊர். சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டு, அக்கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைத் தமிழில் கூறுகின்றது.

1622 சித்திரை முதல் நாளில், திருமேனி ஊருலாச் சென்றிருந்த வேளை பார்த்து, கான்சுதந்தீன் தெ சாவின் படையினர் பூசாரி வேடத்தில் உட்புகுந்து சூறையாடினர் என்பது வழிவழிச் செய்தி. வேடத்தைப் பற்றி ஐயமிருப்பின் இருக்கட்டும். இடிப்பைப் பற்றி ஐயமில்லை. இடித்த கற்களைக் கொண்டே 1624-இல் கோட்டை கட்டினர். அது 1639-இல் ஒல்லாந்தர் கைக்கும், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கும் போயிற்று. 1803-இல் ஆங்கிலேயர் தம் மன்னன் மகன் பிரெடரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினர். யாருடைய கல்லுக்கு யாருடைய பெயர்!

அக்கோட்டை வாயிலில் பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் உள்ளது. சிதைந்த தமிழ்க் கல்வெட்டொன்றும் உள்ளது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பரங்கி பிரிப்பான் என்பது, வழங்கிவரும் பழம்பாட்டோடு ஒப்பிட்டு அறிஞர் அதற்குக் கண்ட பொருள். முன்னறிவிப்போ, இடித்தபின் எழுந்த புலம்பலோ, எதுவாயினும் எழுத்துத் தமிழெழுத்து.

இதனை இன்று சொல்ல வேண்டுவது ஏன்? 2020-இல் இலங்கை அரசு கிழக்கு மாகாணத் தொல்லியலுக்கெனப் பணிக்குழு அமைத்தது. தமிழ் பேசுவோரே பெரும்பான்மையராகிய அம்மாகாணத்துக்கென அமைந்த குழுவில், தொடக்கத்தில் ஒரு தமிழர்கூட இல்லை. அவ்வாண்டே அதன் உறுப்பினராகிய புத்தத் துறவி ஒருவர், கோணேச்சரம் நிற்குமிடம் பழைய புத்தப்பள்ளியே என்றார். மகாசேனன் கோகண்ணத்தில் தேவர் கோயிலை அழித்துப் பள்ளி எடுத்தான் என்று அவர்தம் மகாவமிசமே கூறுகின்றது. பள்ளி கட்டுமுன் அங்கே இடிப்பதற்கு ஒன்று இருந்ததென்பதை அவர் மறந்தார் போலும்!

1950-இல் திருக்கோணமலை நகரில் கிணறு தோண்டுகையில் பழந்திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிக் கோயிற்றூண்களைக் கண்டனர். மீளக் கட்டிய கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. எனினும் கோட்டைக்குள் இன்றும் சிங்களப் படைப்பாசறையே உள்ளது. வழிபடச் செல்வோர் அவ்வாயிலினூடாகவே நடக்கின்றனர். நின்று கல்லைப் படிப்பார் அரியர்.

ஈழம் செல்லும் அன்பர்கள் அங்கே நின்று படிப்பார்களாக. இசைவு பெற்று ஒளிப்படமெடுத்துத் தம் ஊர்ப் பள்ளிக்கு ஒரு படியேனும் தருவார்களாக. பிரெடரிக்குக் கோட்டை என்று வகுப்பில் சொல்ல நேரும் ஆசிரியர், அச்சுவர்க் கற்கள் எந்தக் கோயிலின் கற்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லட்டும்.