பளபளப்பை விற்கிறோமா, பழுதை விற்கிறோமா?



அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் சக்கரம் என்றால் இரும்புதான். எதை ஊற்றிக் கழுவினாலும் பெயிண்ட் அடித்துச் சமாளித்தோம். இன்று மோட்டார் சைக்கிளுக்கே அலாய் வீல் வந்துவிட்டது. ராயவரம், பொன்னமராவதி பக்கம் திருமணத்திற்கும் படைப்புக்கும் வரும் கார்களில் ஸ்போர்ட்ஸ் ரகங்களும் உண்டு. ஆனால் வாட்டர் வாஷ் கடைகள் சிலவற்றில் இன்னமும் பாத்ரூம் ஆசிட்டும் காஸ்டிக் சோடாக் கரைசலும்தான் புழங்குகின்றன. அவற்றை லேபிள் இல்லாத கேன்களில் விற்பவர்கள் நம்மவர்களே என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அலுமினியத்தை ஆசிட்டும் அரிக்கும், காரமும் அரிக்கும். போர்ஷே 911 ஜிடி3 காரில் சக்கரத்தைப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு பெரிய அலுமினிய நட். அதன் நிறமும் பாதுகாப்பும் அனோடைஸ் செய்த மெல்லிய படலத்தில் இருக்கின்றன. காரம் பட்டால் அந்தப் படலம் கரைந்து வெள்ளை பூத்துவிடும். நம் ஊர்க் கார்களின் எஃகு நட்டுகளிலோ துத்தநாகப் பூச்சை ஆசிட் தின்றுவிடும், பிறகு துருதான். கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று மீதி வேலையை முடித்துவிடும். உறுதிமிக்க எஃகு போல்ட், ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜனை உள்வாங்கினால், வெளியே தெரியாமலே விரிசல் விட்டு உடையவும் கூடும். அப்போது போவது பளபளப்பு அல்ல, உயிர்.

கெட்டதைச் சீர் செய்வதிலும் வாடிக்கையாளரிடம் உண்மை பேச வேண்டும். வெளுத்த அனோடைஸ் பாலீஷ் போட்டால் திரும்பாது. பழைய படலத்தை நீக்கி மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும், அல்லது புதிய நட் வாங்க வேண்டும். துருவேறிய எஃகு நட்டை மாற்றிவிடுவதே மேல். சக்கரத்தின் விலையோடு பார்த்தால் அது அற்பச் செலவு. மாட்டும்போது கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும்.

வராமல் காப்பதோ எளிது. சக்கரம் ஆறிய பிறகு, நடுநிலையான கார் ஷாம்பூவும் மென்மையான பிரஷும் கொண்டு தேய்த்து, காயவிடாமல் தண்ணீரால் அலச வேண்டும். ஒட்டிப்போன பிரேக் தூசுக்கு, ஆசிட் இல்லாத இரும்புத்தூசு நீக்கி தனியாகக் கிடைக்கிறது. இவற்றில் நமக்கும் நியாயமான லாபம் உண்டு.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. ஆசிட் வீச்சு வழக்கில் 2013 ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுப்படி, வாங்குபவரின் முகவரியைப் பதிவேட்டில் எழுதாமல், அடையாள அட்டை பார்க்காமல், காரணம் கேட்காமல் ஆசிட் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. மீறினால் அபராதம் ரூ.50,000 வரை. சில வீல் கிளீனர்களில் கலந்துள்ள ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டவுடன் வலிக்காமல், உள்ளே இறங்கி எலும்பு வரை தாக்கும். கையுறை இல்லாமல் கழுவும் பையன்களை நினைத்துப் பாருங்கள்.

எனவே நம் சங்கம் ஒரு முடிவெடுக்க வேண்டும்: லேபிள் இல்லாத கிளீனரை வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. மொத்த வியாபாரிகள் முதலில் நிறுத்தினால் சில்லறைக் கடைகள் தானாக நிறுத்தும். ஒரு கேனில் பத்து ரூபாய் குறையலாம். நம்பி வந்த வாடிக்கையாளர் குறைய மாட்டார்.

சிந்திப்போம், செயல்படுவோம்.